அத்திப்பள்ளிக்குப் போன பணம்

3 நவம்பர் 2025, திங்கள்
இன்றும் பாஸ்புக்கில் ஒன்றும் ஏறவில்லை. ரூபாவின் வகுப்பில் எல்லோருக்கும் போன வருஷத்து அரசு உதவித்தொகை வந்துவிட்டது, என் மகளுக்கு மட்டும் பட்டை நாமம். பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் முடிய ஐந்தே முக்கால் ஆகிறது. அதற்குள் எங்கள் ஊர் சானமாவுக்குக் கடைசி பஸ் போய்விடும். யானை இறங்குகிற ரோட்டில் பெண்ணை நடக்க விட முடியுமா? மாத ஆட்டோவுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன்.

8 நவம்பர், சனி
ரூபா இன்று என்னோடு ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தாள். ஆட்டோ காசைத் தானே சம்பாதிப்பாளாம். அவள் பூப் பிரிக்கிற வேகத்தைப் பார்த்து சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணன் வாயைப் பிளந்தார். "உம் பொண்ணு கை ஜோரா ஓடுது மாதேஸ்வரி. படிப்ப விட்டுட்டு வரச் சொல்லு, பர்மனென்ட்டா சேத்துக்கலாம்." ரூபா சிரித்தாள். நானும் ஒன்பதாவதில் 'கொஞ்ச நாளைக்கு' என்றுதான் வேலைக்குப் போனேன்.

9 நவம்பர்
ஸ்பெஷல் கிளாசே வேண்டாமாம். "நானே படிச்சுக்கறேம்மா." படிப்பாள்! கணக்குப் புத்தகத்தின் மேல் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

11 நவம்பர்
லீவு போட்டுப் பள்ளிக்கூடம் போனேன். தன்மையாகப் பேச வேண்டும் என்று பஸ்ஸில் பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன். உள்ளே கால் வைத்ததும் வாய் கிளம்பிவிட்டது. "எங்க புள்ள பணத்த மட்டும் யாரு முழுங்கினது?"

வகுப்பாசிரியை அருணா டீச்சர் கோபிக்கவில்லை. செல்போனில் எதையோ தட்டிப் பார்த்தார். "பணம் ஜூன்லயே போயிருச்சும்மா. ஆனா நீங்க இங்க குடுத்த கணக்குக்கு இல்ல. ஆதார் வேற பேங்க்ல இணைஞ்சிருக்கு, அங்க போயிருக்கு. முன்ன எங்கயாச்சும் கணக்கு ஆரம்பிச்சீங்களா?"

ஐயோ! ரூபா ஆறாவது படிக்கும்போது அவள் அப்பாவுக்கு அத்திப்பள்ளியில் கம்பெனி வேலை. இரண்டு வருஷம் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று நானேதான் கூட்டிப்போய்க் கணக்கு ஆரம்பித்தேன். ஆதாரைக் கொடுத்ததும் நானேதான்! ஓசூர் வந்ததும் புதுக் கணக்கு. பழையதை அடியோடு மறந்தாச்சு.

டீச்சர் முகத்தை எப்படிப் பார்ப்பது? "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன்.

"இப்படி வந்ததுல நீங்க நாலாவது ஆளும்மா. சத்தம் போட்டதுல நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்று சிரித்தார்.

13 நவம்பர்
அத்திப்பள்ளி. பேங்க்கில் எல்லாம் கன்னடம். எனக்கா வராது? பொரிந்து தள்ளினேன். கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "பந்திதே அம்மா" என்றாள். வந்திருக்கிறது! பரீட்சை வரைக்கும் ஆட்டோவுக்குப் போதும். ரூபா அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

திரும்பும்போதே ஓசூர் பேங்க்கில் இறங்கி, ஆதாரை இந்தக் கணக்குக்கு மாற்ற எழுதிக் கொடுத்தோம்.

17 நவம்பர், திங்கள்
ஆறரைக்கு ஆட்டோ வாசலில் நின்றது. இப்போது லாரிக்குப் போகிற அவள் அப்பா பர்கூரில் கல் லோடு ஏற்றிக்கொண்டே போன் போட்டு, "பொண்ணு வந்துட்டாளா?" என்றார். வந்துவிட்டாள், பசிக்கிறதாம்.

5 பிப்ரவரி 2026, வியாழன்
காதலர் தினத்துக்கு லாரி லாரியாக ரோஜா போகிறது. ஆள் போதவில்லை. சென்னகிருஷ்ணன் காலையிலிருந்து என் மேஜைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். ரூபாவைத்தான் கேட்கப் போகிறார் என்று பதிலோடு தயாராக நின்றேன். மனுஷன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாக, "எம் பையனும் பிளஸ் டூதான் மாதேஸ்வரி. அவனுக்குப் பணம் வரல. நாங்களும் முன்ன அந்தப் பக்கம் ஆனேக்கல்ல இருந்தோம்… எந்தப் பேங்க்னு எப்படிப் பாக்கறது?" என்றார்.

அந்தப் பையனை இந்தத் தோட்டத்தில் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. என்னென்னவோ கேட்க வாய் துறுதுறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ரூபாவுக்குத் தெரியும் சார், அவ பாத்துச் சொல்லுவா."

"அப்ப நாளைக்கு இங்க வரச் சொல்லேன்."

"இங்க வரமாட்டா சார். ஸ்பெஷல் கிளாஸ் விட்டு ஆறரைக்குத்தான் வருவா. ஆதார் கார்டை எடுத்துக்கிட்டு நீங்க வீட்டுக்கு வாங்க."