தாண்டிப் போன பக்கங்கள்

இன்று காலை உன் மனைவி வந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு ஆங்கில நாவல்களைக் கொடுத்தார். "படிக்கத் தெரியாதவரு, பொட்டியில வெச்சிப் பூட்டிக்கினு இருந்தாரு. நீங்களே வெச்சிக்கங்கண்ணே" என்றார். பிரித்ததும் கப்பல் எண்ணெய் வாடை. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை.

கப்பல்காரர்கள் கழித்துப் போட்ட புத்தகங்களைத் துறைமுகத்திலிருந்து நீ கொண்டுவருவாய். நான் படித்துவிட்டு, ஞாயிறு மாலைகளில் ராயபுரம் கடலோரக் கற்களில் உட்கார்ந்து உனக்குத் தமிழில் சொல்வேன். இந்த இரண்டுக்கும் ஒரே தொடக்கம்தான். விஷப்புகை சூழ்ந்து ஒரு பெருநகரம் அழிகிறது. முதல் நாவலில், தப்பியவர்கள் துப்பாக்கிகளோடு மலைப்பக்கம் ஓடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் சண்டை. இரண்டாவதில் ஒருவன் காலியான ஊரிலேயே தங்கி, அடுத்த வீட்டுக் கண் தெரியாத கிழவருக்குச் சமைத்துப் போடுகிறான். எனக்குச் சலித்துப்போயிற்று. நாற்பது பக்கங்களை இரண்டே வரியில் சொல்லி முடித்தேன்.

"மொதல்ல சொன்னதுதான் கதை. இதுல ஒண்ணுமே நடக்கல" என்றேன்.

நீ பீடியைக் கல்லில் தேய்த்து அணைத்தாய். "இன்னா மாமு, நடுவுல தாவிட்டியே! அவனுக்கு அரிசி எங்க கெட்ச்சுது? அந்தப் பெரியவரு துன்னாரா, வேணான்னாரா?"

"அதெல்லாம் எதுக்குடா?"

அணைந்த பீடித் துண்டைக் காதில் செருகிக்கொண்டு நீ சொன்னாய்:

"குண்டு போடப்போறான்னு ஊரே காலியாச்சே, அப்போ உன் நைனாவுக்கு நான்தான் கஞ்சி எட்த்துக்கினு போவேன். தெருவுல ஒரு நாய்கூட இல்ல. மொதல் நாளு வேணான்ட்டாரு. உம்புள்ளதான் குடுக்கச் சொன்னான்னேன். அப்பாலதான் துன்னாரு. தெனிக்கும் அதையே சொன்னேன்."

அந்த யுத்த நாட்களில் அப்பா வீட்டைவிட்டு வர மறுத்துவிட்டார். நான் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போய்விட்டேன். உன்னிடம் நான் ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு கடிதம்கூடப் போடவில்லை. திரும்பி வந்தபின், எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று அப்பாவைக் கேட்கவும் இல்லை. பிறகு அவர் இறந்துபோனார்.

நீ சொல்லி முடித்ததும் நான் உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். வெட்கத்தில், முதல் நாவலின் சண்டைகளைப் பற்றியே மறுபடி பேச ஆரம்பித்தேன். நீயும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

அப்பா இறப்பதற்கு முந்தைய வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்ளோ தூரத்துல இருந்தும் நீ என்னப் பட்டினி போடலடா" என்றார். ஜுரத்தில் ஏதோ பிதற்றுகிறார் என்று நினைத்து, ஆமாம் என்று தலையசைத்தேன். உனக்குச் சேர வேண்டிய வார்த்தை அது. நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கொண்டுவந்து கொடுக்க இப்போது நீ இல்லை.