சிறுமலைக்கு ஒரு பஸ்

12.8.2003, செவ்வாய்

மகள் ஜெசிக்குப் பிறவியிலேயே இறுகிய கால்கள். சாயங்காலமானால் வலி. கண்ணை மூடச் சொல்லி, பிடித்த இடத்துக்குக் கதையாகக் கூட்டிப்போனால் வலி அடங்கும் என்று மனநல டாக்டரம்மா சொல்லியிருந்தார். இன்றைக்குச் சிறுமலைக்குப் போனோம். "ஏறு தாயி, இன்னும் ஏறு" என்றேன்.

"ஏப்பா, கண்ணை மூடியும் நடக்கணுமா? பஸ்ல கூட்டிட்டுப் போப்பா!"

எட்டாம் வகுப்போடு நின்ற என் மூளை அவ்வளவுதான். உடனே பஸ்ஸை வரவழைத்து, அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, நானே ஓட்டினேன். வளைவில் மேகம் உள்ளே வந்து அவள் மடியில் அமர்ந்தது. மலைவாழைப்பழ வாசனை வருகிறது என்றாள். எனக்கும் வந்தது. இறுக மூடியிருந்த அவள் விரல்கள் மெல்ல விரிந்தன.

"நாளைக்கு நானே ஓட்டுறேன். நீ பின்னால உக்காரு" என்றபடியே தூங்கிப்போனாள்.

ஒரே ட்ரிப்பில் வேலை போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட டிரைவர் நானாகத்தான் இருப்பேன்.