நீலத் தாங்கிக்கு அடுத்த கேற்

கல்முனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றிபாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் என் உடம்பு ஒழுங்காக இருக்கிறது, அறிவும் அதோடுதான் இருக்கிறது. நோர்வேக் குளிரில் உனக்கும் இரண்டும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். உம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெஹிவளையில் மூத்தவன் அஸ்கியோடு இருக்கட்டும் என்று நீயும் உன் காக்காவும் தொலைபேசியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்களாம். வீடு மாறி நுழைந்ததில் என் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. குரல் செய்தியில் முற்றுப்புள்ளி வைக்க முடியாது என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த இந்த வீட்டுத்திட்டத்தில் எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே மதில், ஒரே பச்சைக் கேற் என்பது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மீராமுகைதீன் வாசலில் வைத்திருந்த நீலத் தண்ணீர்த் தாங்கிதான் நமக்கு அடையாளம். நான் பொத்துவிலில் தங்கச்சி வீட்டில் நின்ற சமயம் பார்த்து, அந்த மனிதர் அதை ஒழுங்கைக் கோடியில், தெரு முடிகிற இடத்தில் உள்ள ஒரு வீட்டுக்கு விற்றுவிட்டார். நான் திரும்பி வந்தேன், தாங்கியைக் கண்டேன், அடுத்த கேற்றைத் திறந்து உள்ளே போனேன். அது ஹிமாயாவின் வீடு, போன மாதம் கலியாணம் முடித்த பிள்ளை. நான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அயல்வீட்டுப் பஸ்லியா சாமான்களை இடம் மாற்றிவிட்டாள் என்று நினைத்து, கதிரைகளை நேராக்கினேன், நான் படித்த கொன்வென்ட்டில் சிஸ்டர்மார் பழக்கியபடி சட்டிகளை அளவு வரிசையில் அடுக்கினேன், காலை நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையையும் பஸ்லியாவின் விருந்தாளி என்று எண்ணி நிமிர்ந்து இருக்கச் சொன்னேன். அவள் மறுபேச்சில்லாமல் நிமிர்ந்தாள். பிறகு தேத்தண்ணியோடு வந்து, "சீனி காணுமா, இன்னும் போடவா மாமி?" என்று கேட்டபோதுதான், என் வீட்டில் என்னை உபசரிப்பது யார் என்று யோசித்தேன்.

இப்போது நீ ஆராய்ச்சி செய்கிற மீன்களுக்கு வருவோம். தொட்டிக்குள் ஒரு சிவப்புத் தூணை வைத்து, அதன் பக்கத்து வாசலால் போனால் தீனி கிடைக்கும் என்று பழக்கினால் மீன் படித்துக்கொள்ளும், லேசில் மறக்காது என்று சொன்னவள் நீ. தூணை மறுமூலைக்கு மாற்றினால் மீன் அதன் பின்னால் போய்ப் பிழையான வாசலில் முட்டுமாம். அதை நீ மறதி என்று எழுதவில்லை. ஞாபகத்துக்கு அத்தாட்சி என்று எழுதிப் பட்டமும் வாங்கப் போகிறாய். மீனுக்கு ஒரு நியாயம், பெற்றவளுக்கு ஒரு நியாயமா? தூணே இல்லாவிட்டாலும் தொட்டியின் சுவர்களை வைத்து வழி பிடிக்கும் என்றாய். நானும் பிடித்துவிட்டேன்: பள்ளிவாசலைத் தாண்டி, கடற்சத்தம் வலக்காதில் கேட்க நடந்து, காலடியில் வடிகான் மூடி ஆடுகிற இடத்தில் திரும்பினால் நம் வீடு.

நேற்று என்னைக் கூட்டிப் போக உன் காக்கா வந்தான். கதவைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சொன்ன நேரம் போயும் ஆளைக் காணவில்லை. கடைசியில் ஹிமாயா முன்னே வர, பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னே வந்தான். அவனும் தாங்கியை நம்பி அவளுடைய வீட்டில் நுழைந்து, சப்பாத்தைக் கழற்றி, விசிறியைப் போட்டு, உம்மா தேத்தண்ணி என்று கூப்பிட்டிருக்கிறான். "நீங்களுமா காக்கா? உங்கட உம்மாட வீடு அங்கால" என்றாளாம். அதன் பிறகு தெஹிவளையைப் பற்றி அவன் கதைக்கவில்லை. இன்று காலை பஸ் ஏறினான், தனியாக.

நேரத்துக்குத் தொழு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, மீன்களைப் பட்டினி போடாதே. பெருநாளைக்கு வரும்போது தாங்கியைப் பார்க்காதே, வடிகான் மூடியை மிதி. தவறினாலும் பரவாயில்லை, நம் குடும்பத்துக்கென்றே ஹிமாயா தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்திருக்கிறாள். அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தன் சொந்த வீட்டிலிருந்து,
உன் உம்மா
சல்மா உம்மா