கரிச்சானின் கடைசிச் சுற்று

நான் நிலையத்துக்கு வந்து நாள் 311. காலை 6.20

பதிவு: பொற்கொடி, வளிமண்டல ஆய்வாளர். சனியின் துணைக்கோளான டைட்டன், வடகடல் நிலையம்.

வெளியே வெப்பம் கழித்தல் 179 பாகை. மேற்கிலிருந்து மெல்லிய காற்று. மீத்தேன் கடலில் அலை இல்லை. வானம் வழக்கம்போலக் காமாலை நிறம்.

வெந்நீர்ப் பம்ப் மோசமாகிக்கொண்டே போகிறது. இந்தப் பதிவைக் கண்டெடுப்பவருக்கு எங்கள் நிலையம் பழக்கமில்லாமல் இருக்கலாம் என்பதால் எழுதிவைக்கிறேன். உலையின் சூட்டை அறைகளுக்குக் கொண்டுவருவது இந்த ஒரே பம்ப். மோட்டார் தேய்ந்துவிட்டதால் கால் மணிக்கு ஒருமுறை இறுகி நிற்கும். நின்றதும் சுத்தியலால் அதன் விலாவில் அடித்து, கையால் சுழற்றிவிட வேண்டும். அரை மணி நேரம் கவனிக்காமல் விட்டால் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அதன்பின் யாரும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஒருவர் தூங்கும்போது மற்றவர் அடிக்கிறார். இருவர் இருக்கிறோம். இருவர் போதும்.

மற்றவர் லூர்து மச்சாது, விமானி, தூத்துக்குடிக்காரர். வயது அறுபத்தேழு. இங்கே வந்துபோன எல்லோரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான்.

நாள் 311. காலை 9.05

தலைமையகத்தின் செய்தி வந்தது. அப்படியே பதிகிறேன்.

"கரிச்சான் விமானத்தின் மோட்டாரைக் கழற்றிப் பம்பில் பொருத்தவும். அளவு சரியாக இருக்கும். நிவாரணக் கப்பல் வரும்வரை தாங்கும். விமானியின் கண்புரையைக் கருத்தில் கொண்டு, விமானம் இன்றுடன் சேவையிலிருந்து நீக்கப்படுகிறது. விமானி மச்சாதுவின் நீண்ட பணிக்கு நன்றி."

கரிச்சான் ஒற்றை மோட்டார் விமானம். அலுமினியக் குழாய், மேலே போர்த்திய துணி, கூரையில்லாத இருக்கை. இங்கே காற்று அடர்த்தி, எடை குறைவு என்பதால் அதற்குமேல் எதுவும் தேவையில்லை. பருந்தையே விரட்டிக் கொத்தும் குருவியின் பெயரை அவர்தான் வைத்தார். பத்தொன்பது வருடம் அதை வேறு யாரும் ஓட்டியதில்லை, துடைத்ததுகூட இல்லை.

செய்தியைத் திரையில் முகம் ஒட்டும்படி வைத்துப் படித்தார். எழுந்து விமானக் கொட்டகைக்குப் போனார்.

நாள் 311. காலை 10.30

பம்பை ஐந்து முறை அடித்துக் கிளப்பிவிட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்பேனர்களை ஒரு துணியில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். ஒரு நட்டைக்கூடத் தொட்டிருக்கவில்லை. கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு சுற்று போய்வரட்டுமா என்று கேட்டார். இத்தனை நாளில் அவர் என்னிடம் அனுமதி என்று எதையும் கேட்டதில்லை.

என் முறை முடிந்து நான் தூங்கப் போகவேண்டிய நேரம் அது. பேட்டரியைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். தூக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் ஒரு மனிதருக்கு இவ்வளவு தர முடிகிறது என்று நினைத்தேன். கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டேன்.

நாள் 311. காலை 10.55. ரேடியோ

கரிச்சான்: "பிள்ள, கேக்குதா?"

நிலையம்: "கேக்குது அண்ணாச்சி. ஒரு சுத்துதான். சொல்லிட்டேன்."

கரிச்சான்: "நீ என்ன எங்க அம்மையா? ஒரு சுத்துன்னா ஒரு சுத்துதாம்."

நிலையம்: "கண்ணு எவ்வளவு தெரியுது?"

கரிச்சான்: "கஞ்சித் தண்ணிக்குள்ள முழிச்ச மாரி தெரியுது. கண்ணு எதுக்கு? மோட்டாரு பேசுதுல்லா, அது சொல்லும் எல்லாம்."

நிலையம்: "பெல்ட்?"

கரிச்சான்: "என்னைக்குப் போட்டேன், இன்னைக்குப் போட?"

உண்மை. அவர் பெல்ட் போடுவதே இல்லை. டைட்டனில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும், பூமியில் முதல் மாடியிலிருந்து குதித்த அளவுக்குத்தான் அடிபடும். ஒருமுறை பந்தயம் கட்டி அப்படிக் குதித்துக் காட்டினாராம். முழங்கால் மட்டும் பிசகியதாம்.

நாள் 311. காலை 11.25

நிலையம்: "அண்ணாச்சி, பேட்டரி பாதியாச்சு. திரும்புங்க."

இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்டேன்.

கரிச்சான்: "திரும்பல பிள்ள."

நிலையம்: "என்னது?"

கரிச்சான்: "மோட்டார உருவுனா இது பொணம். பக்கத்துல பொணத்தப் போட்டுட்டு அந்தப் பம்ப ராப்பகலா நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? முடியாது. ரெண்டு பேருமாக் கடலுக்குப் போறோம்."

நிலையம்: "வெளையாடாதீங்க. எனக்குத் தூக்கம் வருது. வந்து இறங்குங்க."

கரிச்சான்: "தூங்கு தாயி. ஒன்ன யாரு வேண்டாம்ன்னா?"

அவருக்குப் புரியவில்லையா, புரிந்துதான் சொல்கிறாரா? அவர் போனால் பம்புக்கு ஆள் நான் ஒருத்திதான். கப்பல் வரப் பல வாரம் ஆகும். ஒரு மனித உடம்பு தூங்காமல் எத்தனை நாள் தாங்கும் என்று படித்திருக்கிறேன். வாரக் கணக்கு இல்லை. அவர் தனியாகச் சாகப் போகவில்லை. என்னையும் மோட்டாரையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்.

நாள் 311. காலை 11.40

பம்ப் நின்றது. ஓடிப்போய் அடித்துவிட்டு மறுபடி ரேடியோ கோபுரத்துக்கு ஏறினேன்.

இங்கே ஒரு தரைக் கைப்பிடி இருக்கிறது. கண்புரை என்று தெரிந்ததும் தலைமையகம் அனுப்பிவைத்தது. அவர் மயங்கிவிட்டால் இங்கிருந்தே விமானத்தை இறக்கலாம். மேலே ஓட்டுபவர், கீழே இருப்பவர் இருவரில் யார் கை பலமாக இழுக்கிறதோ அந்தக் கைக்கு விமானம் கேட்கும். அதைப் பொருத்தியதும் அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எனக்கு முன்னிருந்தவர்கள் சொன்னார்கள்.

என் திட்டம்: சட்டென்று பிடித்து இழுத்துக் கரைக்கு மேலே கொண்டுவருவது. கருமணல் மேட்டுக்கு மேலே விமானத்தைக் குப்புறக் கவிழ்ப்பது. பெல்ட் இல்லை, மணலில் விழுவார், எலும்பு முறியும், உயிர் இருக்கும். பிறகு வெறும் விமானத்தை நானே இறக்குவது. ஆளும் கிடைப்பார், மோட்டாரும் கிடைக்கும்.

நல்ல திட்டம். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாள் 311. நண்பகல் 12.02

கவிழ்த்தேன். அவர் விழவில்லை.

கோபுரக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. விமானம் மல்லாந்து கிடக்கிறது, அவர் தலைகீழாகத் தொங்குகிறார், கைகள் மட்டும் காற்றில் அலைகின்றன.

கரிச்சான்: "ஏட்டி! என்னத் தள்ளிவிடப் பாத்தியா?"

நிலையம்: "கட்டியிருக்கீங்களா? நீங்க கட்டவே மாட்டீங்களே!"

கரிச்சான்: "பெல்ட்டு போடல. கயித்தால கட்டியிருக்கேன். ஏறும்போதே கட்டிட்டேன். எங்க ஆளுங்க தோணி ஒடஞ்சா பலகையோட கட்டிக்கிடுவானுவ, பொணமாவது கரைக்கு வரட்டும்ன்னு. எனக்குக் கரையும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம்."

ஏறும்போதே. நான் கதவைத் திறந்தபோதே. தூக்கத்தைத் தள்ளிப்போட்டு என்னைப் பற்றி நானே நல்லபடியாக நினைத்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்திலேயே.

நிலையம்: "அப்போ நான்? நான் எப்ப தூங்குறது? சொல்லுங்க, நான் எப்ப தூங்குறது?"

கரிச்சான்: "நீ வயசுப் பிள்ள. தாக்குப் பிடிச்சிருவ."

நிலையம்: "கொலகாரா."

கரிச்சான்: "கைய எடுட்டி. என் வண்டிலேருந்து கைய எடு."

நாள் 311. நேரம் பார்க்கவில்லை

நான் எடுக்கவில்லை.

நான் கரைக்கு இழுத்தேன். அவர் கடலுக்கு இழுத்தார். கைப்பிடி என் உள்ளங்கைத் தோலை உரித்தது. முழங்காலை மேசையில் முட்டுக்கொடுத்து முழு உடம்பாலும் தொங்கினேன். ரேடியோவில் அவர் மூச்சு மட்டும். கெட்ட வார்த்தைகள் தீர்ந்துவிட்டன, இரண்டு பேருக்கும். பம்ப் நின்றதைச் சொல்லும் மணி அடித்தது. போகவில்லை. விமானம் ஒரு பக்கம் சாயும், உதறும், மறுபக்கம் சாயும். நாய் வாயில் அகப்பட்ட துணிபோல ஆடியது.

இடது இறக்கை அடியோடு பிய்ந்தது. துணி கிழியும் சத்தம் ரேடியோவில் நீளமாக வந்தது. விமானத்தின் உடல் இருக்கைக்கு முன்னால் இரண்டாக முறிந்தது. இருக்கை அவரோடு கழன்று மணல் மேட்டை நோக்கி இறங்கியது, சுழன்று சுழன்று, மெதுவாக. இங்கே எதுவும் வேகமாக விழுவதில்லை. ஒருவருக்குச் செய்ததைக் கடைசிவரை நின்று பார்க்கலாம்.

மூக்கும் மோட்டாரும் வலது இறக்கையும் மட்டும் நிற்கவில்லை. புரொப்பல்லர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆள் இல்லாத அந்தப் பாதி விமானம் வட்டமடித்துக்கொண்டு கடலுக்கு மேலே கொஞ்ச தூரம் போயிற்று. அவர் கத்தினார். வலியில் கத்தியதில்லை அது. அதைக் கூப்பிட்டார். அது சாய்ந்து, மீத்தேனைக் கிழித்துக்கொண்டு, உள்ளே போனது.

மோட்டார் போயிற்று.

நாள் 311. பிற்பகல் 1.10

பம்ப் அறைக்குப் போனபோது குழாய்களின் மேல் வெள்ளை பூத்திருந்தது. எத்தனை அடி அடித்தேன் என்று தெரியாது. பம்பை அடிக்கிறேனா அவரை அடிக்கிறேனா என்றும் தெரியவில்லை. ஓடத் தொடங்கியது. ஒரு குழாயில் விரிசல். நாடா சுற்றிவிட்டேன். சுத்தியல் பிடியெல்லாம் என் கை ரத்தம்.

அவர் உயிரோடு இருக்கிறார். தலைக்கவச ரேடியோவில் மூச்சு கேட்கிறது.

நிலையம்: "அண்ணாச்சி. அடிபட்டுச்சா?"

லூர்து: "வாரேன்."

நிலையம்: "நடக்க முடியுதா?"

லூர்து: "வாரேன்."

அவர் உடுப்பின் சூடு இன்னும் மூன்று மணி நேரம் தாங்கும். மேடு அதிக தூரமில்லை. ஆனால் அவருக்குப் பாதை தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். கோபுர விளக்கை நான் போட்டால்தான் அவர் வந்துசேர முடியும்.

கொஞ்ச நேரம் விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று எழுதமாட்டேன். அந்த "வாரேன்" எப்படிப்பட்டது என்று யோசித்தேன். வீடு திரும்பும் ஆள் சொல்வது அப்படித்தான் இருக்கும். அடிக்க வரும் ஆள் சொல்வதும் அப்படித்தான் இருக்கும்.

விளக்கைப் போட்டேன். கருணையால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கண் எரிகிறது. நின்றபடியே ஒரு கணம் கனவு வந்தது. எனக்கு ஆள் வேண்டும்.

நாள் 311. பிற்பகல் 3.40

தெரிகிறார். இருக்கை முதுகில் கட்டியபடியே இருக்கிறது. அவிழ்க்கவில்லை. முடிச்சு அவிழவில்லையோ, அவிழ்க்க மனமில்லையோ. இருக்கையின் கால்கள் மணலில் இரண்டு கோடு போட்டுக்கொண்டே வருகின்றன. இடது கை தவறான பக்கம் மடிந்திருக்கிறது. விழுகிறார். எழுகிறார். நேராக விளக்கைப் பார்த்து வருகிறார்.

இதற்குள் பம்ப் பத்து முறை நின்றது. அடித்தேன்.

காற்றடைப்பு அறையின் வெளிக்கதவையும் உள்கதவையும் உள்ளிருந்துதான் திறக்க முடியும்.

நாள் 311. மாலை

திறந்தேன். இருக்கை உள்கதவில் மாட்டிக்கொண்டது. நான்தான் கத்தி எடுத்துவந்து கயிற்றை அறுத்தேன். இருக்கை பின்னால் விழுந்ததும் வலது கையால் என் முகத்தில் அடித்தார். ஒரே அடி. கையுறையில் மணல் உறைந்து இரும்பாக இருந்தது. இரண்டு பல் போயிற்று. தரையில் கிடந்தேன். அடுத்த அடிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. என்மேல் குனிந்து, கண்ணைச் சுருக்கி, முகம் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

பம்ப் மணி அடித்தது.

லூர்து, தலைக்கவச ரேடியோவில்: "யாரு மொற?"

நான்: "உங்க முறை."

சுவரைத் தடவிக்கொண்டு பம்ப் அறைக்குப் போனார். சுத்தியலை எடுக்கும் சத்தம். நான்கு அடி. ஓடத் தொடங்கியது. ஒற்றைக் கையால் நன்றாகவே அடிக்கிறார்.

நாள் 311

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த அறைக்கும் பம்ப் அறைக்கும் நடுவில் கதவு இல்லை, திரைதான். என் முறை வரும்வரை நான் தூங்க வேண்டும். தூங்காவிட்டால் என் முறையில் விழுந்துவிடுவேன், இருவரும் சாவோம். அவருக்கும் இது தெரியும். ஒரு முறை மட்டும் அங்கிருந்து மெதுவாகக் கேட்டார்: மோட்டார் விழுந்த இடம் எவ்வளவு ஆழம்? தெரியாது என்றேன். தெரியும். சொல்லவில்லை.

அடிக்கிறார். அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை அவர் அங்கேதான் இருக்கிறார். அடி விழ விழ இமை கனக்கிறது. இவ்வளவு இனிப்பாகத் தூக்கம் வந்ததே

மறுபடி அடிக்கிறார். பம்ப் ஓடுகிறது. நன்றாக ஓடுகிறது, இப்போது அடிக்க வேண்டிய தேவை இல்

அடி நின்றது.

சுத்தியலைக் கீழே வைத்த சத்தம் கேட்கவில்லை