பின்வரிசையில் ஒரே ஆள்

அக்டோபர் 2

காலையிலிருந்து மழை. எங்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப்பில் ஆள் கணக்கெடுப்பு. பட்டியலில் கீழிருந்து ஐந்தாவதாக முடித்தோம், அதனால் நவம்பர் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதுப் பையன்களை எடுக்கும் நாளில், ஐந்தாவதாகப் பெயர் சொல்லும் உரிமை எங்களுக்கு. தோற்றவனுக்கு முதல் பந்தி. மெல்பர்னில் இதை ஒரு நியாயம் என்கிறார்கள்.

நடுக்களத்தில் ஓடுவதற்கு ஆட்கள் முட்டி மோதுகிறார்கள். பின்வரிசையில், எதிரணி நெட்டையர்களோடு மோதி நிற்க ஒரே ஆள்தான், டார்சி. அவனுக்கு அடுத்து யார் என்று பலகையில் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒருவனுக்கு முழங்கால் போனது. இன்னொருவன் அம்மா நினைப்பு வந்து பெர்த்துக்கே திரும்பிவிட்டான்.

டார்சி என் மாப்பிள்ளை. என் மகள் டெஸ்ஸைக் கட்டியவன். புதுப் பையன்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை. பேசும்போது எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 5

டெஸ் வீட்டில் மதியச் சாப்பாடு. டார்சி பாலை வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் தேடிக்கொண்டிருந்தான். நாங்கள் சிரித்தோம். டெஸ்ஸும் சிரித்தாள், பிறகு துணி காயப்போடப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

தலையில் இத்தனை அடி வாங்கியவன் இன்னும் ஏன் ஆட வேண்டும்? நேராகவே கேட்டேன்.

"என் இடத்துல நிக்க ஒருத்தன கொண்டாங்க பெரிசு. அவன் வந்த மறுநாளே பூட்ஸக் கழட்டிடறேன். டெஸ்ஸுக்கும் அதான் சொல்லிருக்கேன். பின்னாடி ஆளே இல்லாம பசங்கள அம்போன்னு விட்டுட்டுப் போக முடியுமா?"

அந்த ஒருத்தனை எனக்குத் தெரியும், டார்சியிடமும் சொன்னேன். லியோங்காதா பக்கம், பால் பண்ணைக் குடும்பம். ஆர்லோ. நெட்டை என்றால் அப்படியொரு நெட்டை. இந்த வருஷம் உருப்படியான உயரப் பையன்கள் இரண்டே பேர். இன்னொருவனை முதல் அணியே கொத்திக்கொண்டு போய்விடும்.

அக்டோபர் 9

கூட்டம். ஆர்லோ வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. சிக்கல் நிக்கோவால்.

நிக்கோ, எங்கள் பழைய கேப்டன் வின்ஸ் பெராரோவின் மகன். நடுக்களத்துக் குள்ளன், நல்ல ஆட்டக்காரன். அப்பன்-மகன் விதிப்படி அவன்மேல் முதல் உரிமை எங்களுக்கு. ஆனால் வேறு அணி அவன் பெயரைச் சொல்லிவிட்டால், அந்த இடத்துக்கு ஈடாக எங்கள் தேர்வுகளைக் கொடுத்துத்தான் அவனை மீட்க வேண்டும். எங்கள் முறைக்குப் பிறகு சொன்னால் பிரச்சினையில்லை. ஆர்லோவை எடுத்துவிட்டு மிச்சத்தில் இவனையும் எடுக்கலாம். முன்னாலேயே சொல்லிவிட்டால் ஐந்தாவது தேர்வு போச்சு, ஆர்லோவும் போனான்.

சந்தையில் மாடு பிடிக்கிறவன் ஆசையை முகத்தில் காட்டலாமா? அவ்வளவுதான் சொன்னேன். நிக்கோவைக் கைவிட்டாலும் விடுவோம் என்று ஊர் நம்ப வேண்டும். அப்போதுதான் எவனும் வீம்புக்கு அவன் பெயரைச் சொல்ல மாட்டான். நாம் மீட்காவிட்டால் நிக்கோ, பெயர் சொன்னவன் தலையில்தானே விழுவான்?

தலைவர் கீனன் சிரித்தார். "வின்ஸ் புள்ளைய வேணாங்கற மாதிரி நடிக்கணுமா? ஜனங்க நம்மள செருப்பால அடிக்கும்ய்யா." பிறகு, எல்லாரும் கேட்கும்படி: "உன் மாப்பிள்ளைக்கு ஓய்வு வாங்கித் தரத்தான இவ்ளோ கணக்கு?"

நான் என் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 11

வருடாந்திர விருந்து. இனிப்பு வந்த நேரத்தில் கீனன் மேடையேறி வின்ஸையும் நிக்கோவையும் அழைத்தார். கையில் வின்ஸின் ஒன்பதாம் எண் சட்டை. பையனுக்கு மாட்டிவிட்டார். அப்பன் அழுதான். மண்டபமே எழுந்து நின்று கிளப் பாட்டைப் பாடியது. காமிராக்கள் வேறு.

டிராஃப்டுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அடப் பாவிகளா.

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் டார்சி விரலை வாயில் வைத்து விசிலடித்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 20

நேற்று டிராஃப்ட்.

மூன்றாவதாகப் பெயர் சொல்ல வேண்டிய அணிக்காரன் எழுமுன் எங்கள் மேஜையைப் பார்த்துச் சிரித்தான். அப்போதே தெரிந்துவிட்டது. "நிக்கோ பெராரோ." நாங்கள் யோசிக்க மூன்று நிமிடம் தருவார்கள். கீனன் மூன்று விநாடிகூட எடுக்கவில்லை. மீட்டோம். ஐந்தாவது தேர்வு போனது, அடுத்ததிலும் பாதி கரைந்தது.

கொஞ்ச நேரத்தில் வேறு அணி ஆர்லோவை எடுத்தது. திரையில் அவன் அம்மா எப்படிக் குதித்தாள்!

கடைசியில் மிச்சம் மீதியைக் கூட்டிக் கழித்து பாஸ்கெட்பால் ஆடிய ஒரு நெட்டையனை எடுத்தோம். பந்தைப் பிடிப்பான். ஆளைப் பிடிப்பானா?

"கவலப்படாத, டார்சி இருக்கான்ல," என்று என் முதுகில் தட்டினார் கீனன். அந்தக் கையை... வேண்டாம்.

நவம்பர் 23

டார்சி வீட்டுக்கே போய்ப் பயிற்சியாளர் கேட்டிருக்கிறார். இன்னும் ஒரே ஒரு வருஷம். இவன் உடனே சரி என்றிருக்கிறான். டெஸ் எனக்குப் போன் செய்தாள்.

"ஊரு ஊரா புள்ள புடிக்கத் தெரியுது. உன் பொண்ணு புருஷன் எடத்துல நிக்க ஒருத்தன புடிச்சுட்டு வர முடியலல்ல, டாட்?"

"நான் சொன்னேன்மா. யாரும் கேக்கல."

"எத்தன தடவ சொன்ன?"

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.

பிப்ரவரி 14

பாஸ்கெட்பால்காரனுக்குப் பாத எலும்பில் விரிசல். இந்த சீசன் அவனுக்கு இல்லை.

மார்ச் 21

முதல் ஆட்டம், வெற்றி. நிக்கோ பிரமாதம். டார்சி எழுந்து நிற்கும்போதெல்லாம் எண்ணுகிறேன். விழுந்ததும் எழுகிறானா என்று மட்டும் பார்க்கிறேன், ஆட்டத்தைப் பார்ப்பதில்லை.

மே 9

உயரே வந்த பந்தைப் பார்த்துக்கொண்டே டார்சி பின்பக்கமாக ஓடினான். எதிரே வருகிறவனைப் பார்க்கவில்லை. வந்தவன் முழங்கால் டார்சியின் காதருகே.

எழவில்லை.

மைதானம் அமைதியான பிறகும் ஸ்ட்ரெச்சர் வரவில்லை, வரவில்லை, ஏன்டா இவ்வளவு நேரம்... டெஸ் வேலியைத் தாண்டி ஓடினாள். என் மகள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

மே 10

மூளைக்குள் ரத்தக் கசிவாம். மண்டையோட்டைத் திறந்திருக்கிறார்கள். பிழைப்பான் என்கிறார்கள். அந்தச் சொல்லை ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னார்கள்?

மே 17

ஆர்லோ அவன் அணிக்காக முதல் ஆட்டம் ஆடினானாம். நன்றாகவாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

ஜூன் 18

டார்சி வீடு வந்தான். டெஸ் பெயர் தெரிகிறது. என்னைப் பார்த்தால் "பெரிசு" என்கிறான். கிழமை தெரியவில்லை. வெளிச்சம் ஆகாது, திரைச்சீலையெல்லாம் மூடியே கிடக்கின்றன. கீனன் பூங்கொத்து அனுப்பினார். டெஸ் அதைக் காகிதத்தைப் பிரிக்காமலே குப்பைத் தொட்டியில் போட்டாள். நான் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

ஜூலை 18

சனிக்கிழமை ஆட்ட நாள் என்று டார்சியின் உடம்புக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. காலையிலேயே பூட்ஸை மாட்டி, இறுக்கிக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுகிறான். கழற்றப் போனால் உதைக்கிறான். டெஸ் இப்போதெல்லாம் முயல்வதில்லை.

இன்று நிக்கோ புல் வெட்ட வந்தான், இந்த வாரம் அணிக்கு ஆட்டம் நாளைக்குத்தான். வாரா வாரம் வருகிறான், யாரும் கூப்பிடவில்லை. வேலை முடிந்து தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவனை டார்சி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீதான அந்த லியோங்காதா பையன்? நெட்டையன்?"

நிக்கோ என் தோளுக்குத்தான் வருவான். அவன் என்னைப் பார்த்தான்.

"ஆமா," என்றான் நிக்கோ. "நான்தான்."

"வந்துட்டியா? பின்னாடி நின்னுப்பியா?"

"நின்னுக்கறேன் அண்ணா. நீங்க கழட்டுங்க."

டார்சி காலை நீட்டினான். நிக்கோ தரையில் உட்கார்ந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். டெஸ் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து அந்த பூட்ஸை எடுத்துப் பின்கட்டில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் டீ போட்டாள்.