கமராவை இறக்கிவைத்து நீர் வாங்கிய போன்

போன சனிக்கிழமை நிலக்கீழ் அறையிலிருந்து சைக்கிளை வெளியே எடுக்கப் போனேன். தட்டின் மேலே நான் எடுத்து வைத்திருந்த உம்முடைய கமராப் பை சரிந்து என் தோளில் விழுந்தது. உள்ளே கமரா இல்லை. அதை உம்முடைய மகள் டிரெஸ்டனுக்குக் கொண்டுபோய்விட்டாள். கழுத்துப் பட்டி மட்டும் சுருண்டு கிடந்தது. எடுத்து மணந்து பார்த்தேன். சந்தனமும் பன்னீரும் உம்முடைய வியர்வையும் கலந்த மணம் இன்னும் அதில் இருக்கிறது. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்து இதை எழுதத் தொடங்கினேன்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில், ஹனோவரில் டொச் மொழி வகுப்பில் நீர் எனக்கு முன் வாங்கில் இருந்தீர். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை ஒருவரையொருவர் நீர் என்றே கூப்பிட்டோம். கிழமை நாட்களில் உமக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, எனக்கு வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. சனி ஞாயிறில் நீர் வேறு ஆளாகிவிடுவீர். கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எந்த மண்டபத்துக்கும் அந்தக் கனத்த கமராவோடு போவீர். வெளிச்சக் குடையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வருவேன்.

பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் பிள்ளைகள், அன்ரிதான் வரவேணும் என்று உம்மைத்தான் கேட்பார்கள். மற்றவர்கள் வந்தவுடன் நாடியை உயர்த்து, சிரி என்று தொடங்கிவிடுவார்கள். நீர் அறையில் நின்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, கமராவை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரைப் பிடிக்காது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பீர். பிள்ளை கதைக்கத் தொடங்கி, கனத்த நகையையும் முடியலங்காரத்தையும் மறந்த பிறகுதான் கமரா உம்முடைய கண்ணுக்குப் போகும். "முகம் தானா வரவேணும்" என்பீர்.

எங்களுக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை நிரோஜாவின் கலியாணத்தில்தான் உம்முடைய வருத்தம் முதலில் தெரிந்தது. கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளை தாலியோடு எழும்புகிறார், உம்முடைய வலது கை கமராவை விட்டுவிட்டது. பட்டி கழுத்தில் இருந்ததால் அது நெஞ்சில் மோதித் தொங்கியது. திரும்பத் தூக்கிக் கண்ணில் வைப்பதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. வியர்வையில் வழுக்கியிருக்கும் என்று நான் நினைத்தேன். நீர் அப்படி நினைக்கவில்லை. கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டே நின்றீர். விருந்து முடிந்ததும் நிரோஜாவின் தாயிடம் நீராகவே போய், அந்தப் படம் என்னிடம் இல்லை அக்கா என்று சொன்னீர். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு வீடியோவிலிருந்து ஒரு படத்தைப் பிரித்து எடுத்தார்கள். அதில் ஐயரின் முதுகுதான் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு நாள் குறித்துப் போகிற மருத்துவ டெர்மின்கள்தான். ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம், ஒரு பரிசோதனையிலிருந்து இன்னொன்றுக்கு. கடைசியில் வருத்தத்தின் பெயரை ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். தசைகளுக்குச் சொல் கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற வருத்தம். திருப்புகிற மருந்து இல்லை. அந்தப் பெயரை நான் என் வேலையிடத்தில் முன்பும் கண்டிருக்கிறேன். அதனால் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நீர் கேட்டபோது என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

சில மாதங்களில் கமராவை இரண்டு கையாலும் தூக்க ஏலாமல் போனது. கால் தளர்ந்து சக்கர நாற்காலி வந்தது, பேச்சும் தடிக்கத் தொடங்கியது. இனி நீர் படம் எடுப்பதை விட்டுவிடுவீர் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு போன் பார்க்க வேணும், என்னோடு வாரும் என்றீர். நல்ல கமரா உள்ள போன், ஆனால் பாவித்துத் திருத்தித் திரும்ப விற்கிறதாக இருக்கவேணும் என்றீர். மகள் புதிது வாங்கித் தர நிற்கிறாளே என்று கேட்டேன். புதிதைக் கையில் வைத்திருந்தால் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே படம் போய்விடும் என்றீர். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கும் பாதி ஆயுசு முடிஞ்சிருக்கட்டும். ரெண்டு பேரும் சேந்து மிச்சத்தைப் பாப்பம்" என்றீர். உமக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

லிண்டன் பகுதியில் ட்ராம் போகிற தெருவில் இருந்தது அந்தக் கடை. முன்னால் உடைந்த போன்களைத் திருத்துகிற மேசை, பின்னால் கண்ணாடி அலமாரி. கடைக்காரர் நடுவயது மனிதர், நல்லவர். உம்முடைய சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி என்னிடம் கேட்டார், இவருக்கு என்ன தேவை என்று. நானும் பதில் சொன்னேன். பாரமில்லாததாக, பாவிக்கச் சுகமானதாக ஒன்று இருந்தால் போதும் என்றேன்.

நீர் டொச்சில் ஏதோ சொன்னீர். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னீர். நான் வாயைத் திறந்தேன். நீர் என்னை ஒரு பார்வை பார்த்தீர், மூடிக்கொண்டேன். மூன்றாம் முறை, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தீர்: "படம் எடுக்கிறது நான். என்னைக் கேளுங்கோ."

அந்த மனிதர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உமக்கு முன்னால் இருந்தார். அதன்பிறகு முக்கால் மணித்தியாலம் அங்கே எனக்கு வேலையே இல்லை.

முதலாவது போன் மினுங்கியது. பின்பக்கம் கண்ணாடி, கையில் நிற்காமல் வழுக்கியது. தள்ளி வைத்தீர். இரண்டாவது இலேசானது, எனக்கு அதுதான் பிடித்தது. நீர் அதை மடியில் நிறுத்தி, தெருவைப் பார்த்தபடி காத்திருந்தீர். ட்ராமின் முன்பக்கம் எதிரே நின்ற விளக்குக் கம்பத்தைத் தொட்ட கணத்தில் அழுத்தினீர். படத்தில் வந்தது ட்ராமின் நடுப்பெட்டி. பிந்துகிறது என்று அதையும் தள்ளி வைத்தீர். மூன்றாவது பழைய மாதிரி, சின்னது. முதுகில் நீளமாக ஒரு கீறல். மின்கலம் மட்டும் புதிதாக மாற்றியிருந்தது. அடுத்த ட்ராம் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம். இம்முறை ட்ராமின் மூக்கு சரியாகக் கம்பத்தில் நின்றது. திரையைத் தொடாமல், பக்கத்திலிருந்த ஒலிப் பொத்தானை அழுத்தியே எடுக்கலாம் என்று அவர் காட்டினார். இடது பெருவிரலால் அழுத்திப் பார்த்தீர். பிறகு மேசைக்குக் கீழே இருட்டில் கிடந்த கறுப்புக் குடையைப் படம் எடுத்துப் பார்த்தீர், மடிப்புகள்கூடத் தெரிந்தன. தூரத்துக் கடைப் பலகையைத் திரையில் இழுத்துப் பெரிதாக்கி எடுத்தபோது எழுத்துகள் நனைந்த கடதாசி போலக் கலங்கின. இது தூரத்துக்குச் சரிவராது என்று கடைக்காரரே ஒத்துக்கொண்டார். "அப்ப கிட்டப் போவம்" என்றீர், தமிழில், என்னைப் பார்த்து.

அதையே வாங்கிக்கொண்டு ட்ராமில் திரும்பினோம். இறங்க ஒரு தரிப்பு இருக்கும்போது என் கையைத் தட்டினீர்.

"இனி எனக்காகக் கதைக்காதையும். இந்த வாய் போகும், தெரியும். போற வரைக்கும் அது என்ர வாய்."

நான் மன்னிப்புக் கேட்டேன். நீர் தலையாட்டினீர். அன்றைக்கு நான் உண்மையாகவே விளங்கிக்கொண்டேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அந்த மாரிக்குள் நிரோஜாவுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குப் படம் எடுக்க உம்மைத்தான் கூப்பிட்டாள். நீர் தயங்கினீர், என்னிடம் இப்போது கமரா இல்லை என்று எழுதி அனுப்பினீர். நீங்கள் வந்தால் காணும் அன்ரி என்று அவள் எழுதினாள். போனோம். நாற்காலியை நான் தள்ள, நீர் கண்ணால் காட்டிய பக்கமெல்லாம் கிட்டப் போனோம். பெரிய கமரா இல்லாததால் யாரும் உம்மைக் கண்டு நிமிர்ந்து நிற்கவில்லை. பிள்ளைகள் உம்முடைய மடியில் கைவைத்துத் திரையை எட்டிப் பார்த்தார்கள். நிரோஜாவின் தகப்பன், கலியாணத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், ஒரு மூலையில் பேரனின் உள்ளங்காலை மூக்கில் வைத்தபடி இருந்தார். அவருக்கு நாங்கள் நிற்பது தெரியாது. உம்முடைய பெருவிரல் ஒருமுறைதான் அழுத்தியது. அந்தப் படத்தை நிரோஜாவின் தாய் பெரிதாக்கி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். உமக்கு அதைச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு ஒன்றும் பேசாமல் போனவர் அவர்.

பிறகு ஹோஸ்பிஸ். அங்கே நோயைச் சுகப்படுத்துவதில்லை, நோகாமல் பார்த்துக்கொள்வார்கள். பேச்சு முற்றாக நின்றுவிட்டது. ஒரு விரல்தான் மிச்சம், அந்த விரலால் போனில் எழுதிக் காட்டுவீர். தண்ணி. யன்னல். மகள் எப்ப வாறா. நான் வேலை முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் வருவேன்.

ஒரு வியாழக்கிழமை, நான் உள்ளே வந்து மேலங்கியைக் கழற்றும்போதே நீர் எழுதி வைத்திருந்தீர். போனை என் பக்கம் திருப்பினீர்.

"என்னை ஒரு படம் எடும்."

இத்தனை வருடத்தில் நீர் இதைக் கேட்டதில்லை. நான் உம்மைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாயோரம் ஈரம். எனக்குத் தாங்கவில்லை. உம்மை இப்படி ஒருவரும் பார்க்கக்கூடாது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

"நாளைக்கு எடுப்பம்" என்றேன். "சீப்பால தலை இழுத்து, அந்த நீலச் சட்டையைப் போட்டு, வடிவா எடுப்பம்."

நீர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர். பிறகு விரல் அசைந்தது. "சரி" என்று எழுதினீர்.

வெள்ளிக்கிழமை நீலச் சட்டையோடு வந்தேன். நீர் நித்திரையில் இருந்தீர், எழும்பவில்லை. சனிக்கிழமை காலையில் போய்விட்டீர்.

செத்தவீட்டுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. மகளும் நானும் உம்முடைய கணினியில் இரண்டு நாள் தேடினோம். ஊரிலுள்ள எல்லாரும் அதில் இருந்தார்கள், நீர் இல்லை. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். சிரிக்கக்கூடாது என்று சொல்லி எடுத்த படம். வந்தவர்கள் இது அவவைப் போல இல்லையே என்றார்கள். நான் காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசிக்கக் கொடுக்கப் போகிறேன்.

எனக்கு அந்த வியாழக்கிழமை முழுதாக நினைவிருக்கிறது. யன்னல் உம்முடைய இடப்பக்கம். வெளியே பனி உருகிக்கொண்டிருந்தது, அதனால் சுவரிலும் ஒரு வெளிச்சம். கழுத்துக்குக் கீழே மடித்த துவாய், நெற்றியில் ஒரு நரைமயிர். கண்கள் என் மேல். நான் நிமிர்த்தவோ துடைக்கவோ ஒன்றும் இருக்கவில்லை. உம்முடைய முகம் தானாக வந்திருந்தது.