அப்பாவின் தோளில் இருந்த வார்

என் அப்பாவுக்கு, நீங்கள் இல்லாத வீட்டிலிருந்து உங்கள் பாப்பா எழுதுவது.

அம்மா அடுத்த அறையில் இருக்கிறார். இன்னும் தூங்கியிருக்க மாட்டார். போர்வைக்குள் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். கதவு திறந்தால் வீட்டுப்பாடம் என்று சொல்ல அறிவியல் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது அப்பா. உங்களுக்கு எழுதுவதற்கே பயப்படும்படி ஆகிவிட்டது.

இன்று உங்கள் படம் குளுவாங் டவுன் படக்கடையிலிருந்து திரும்பி வந்தது. புதுச் சட்டம், புதுக் கண்ணாடி. நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் இடது தோளில் வார் இல்லை.

ரெங்கத்தில் ஒரு சாவு வீட்டு வாசலில், நீங்கள் தப்படித்து முடித்து மூச்சு வாங்கியபோது, உங்களோடு தப்படிக்கும் மணி மாமா எடுத்த படம் அது. வேறு நல்ல படம் உங்களுக்குக் கிடையாது. அதையே மார்பு வரைக்கும் வெட்டிப் பெரிதாக்கி மாட்டியிருந்தோம். அதில் தப்பு மேளம் தெரியாது. அதைத் தாங்கிய தோல் வார் மட்டும் தெரியும். கடைக்காரச் சீனர் அதைத் தொட்டுக் காட்டி, பை வாரா என்று மலாயில் கேட்டார். அம்மா ஆமாம் என்றார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வாரை அழித்துவிட்டார்கள். தோள் இறங்கியிருப்பதை அழிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. இப்போது பார்த்தால், எந்தச் சுமையும் இல்லாமலே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற மனிதரைப் போல இருக்கிறீர்கள்.

எல்லாம் அக்காவுக்காகத்தான். சனிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. அவருடைய அப்பா ஊரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார், கோயில் நிர்வாகத்திலும் இருக்கிறார். சம்பந்தத்தைக் கொண்டு வந்தது சின்னம்மா. "அக்கா, அத்தான் லோரி ஓட்டுனாரு. அதோட நிறுத்திக்குங்க. மத்தது வெளிய வந்துச்சு, வாசல்லயே காரத் திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க லா," என்று சொல்லிவிட்டுப் போனார். லோரி ஓட்டியது பொய் இல்லைதான். பாதி உண்மையைச் சொல்லிப் பாதி மனிதரைப் புதைத்துவிடலாம் போலிருக்கிறது.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. கேளுங்கள்.

நாளை எங்கள் பள்ளியில் மாறுவேடப் போட்டி. 'உலகை மாற்றியவர்கள்' என்று தலைப்பு. அறிவியல், இசை, சமூகம் என மூன்று பிரிவு. ஷாமினி நட்சத்திரங்களை ஆராய்ந்த விஞ்ஞானியாக வருகிறாள். அட்டைக் குழாயில் தொலைநோக்கி செய்து, அதற்குக் கறுப்புச் சாயம் பூசி, கை முழுக்க அப்பிக்கொண்டு திரிகிறாள். பிரியா தம்புராவோடு பெரிய பாடகியாக வருகிறாள். நான் டீச்சரிடம் போய், "இசைப் பிரிவுல தப்படிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

டீச்சர் சிரித்தார். "அது சாவுக்கு அடிக்கிறதும்மா. அதுல யாரு மேதை? நீ சமூகத்துக்கு வா, நல்ல குரல் உனக்கு."

எனக்குக் கொடுத்த தலைவர் யார் தெரியுமா? உங்கள் தப்புப் பையின் உள்பக்கத்தில் படம் ஒட்டி வைத்திருந்தீர்களே, அவர்தான். சாதி இல்லை என்று சொன்னவர். அவரைப் போலக் கோட்டுப் போட, உங்கள் கல்யாணக் கோட்டைப் பிரித்து, என் அளவுக்கு அம்மாதான் தைத்துக் கொடுத்தார். ஒத்திகை பார்க்கும்போது உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, "பிறப்பால் யாரும் தாழ்ந்தவர் இல்லை!" என்றேன்.

அம்மா பல்லில் குண்டூசியைக் கடித்தபடியே, "இன்னும் சத்தமா. கடைசி வரிசைக்குக் கேக்கணும்ல," என்றார்.

"பக்கத்து வீட்டுக்குக் கேக்காம இருந்தா சரி," என்றாள் அக்கா.

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நாளைக்குப் பரிசு கொடுக்க வருகிறவர் மாப்பிள்ளையின் அப்பா. கோப்பைகள் அவர் செலவு. நான் எந்த வேடம் என்று கேள்விப்பட்டு, "அந்தத் தலைவர்னா எனக்கு உயிரு," என்று சின்னம்மாவிடம் சொன்னாராம். அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தப்பு மேளம் இல்லாமல் பிணத்தை எடுப்பாரா? அடித்தவர்களுக்குக் கண்ணாடிக் குவளையில் தேநீர் கொடுப்பாரா?

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது பாலோவில் ஒரு சாவு வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். வந்தவர்களுக்கெல்லாம் குவளையில் தேநீர். உங்களுக்கும் மணி மாமாவுக்கும் பிளாஸ்டிக் பையில் கட்டி, கால்வாய் ஓரமாக வைத்துவிட்டு, "மேளக்காரங்க அங்கனயே இருங்கப்பா," என்றார் ஒருவர். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கண்ணடித்தீர்கள். "பொணம் ஒண்ணுதான் பாப்பா ஜாதி பாக்காது. அதான் அது முன்னாடி ஆடுறோம்," என்றீர்கள். மணி மாமாவுக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

அன்றைக்கு எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. இப்போது கேட்கிறேன். ஏன் சிரித்தீர்கள்? அந்தத் தேநீர்ப் பையை அங்கேயே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாமே? தலைவர் படத்தைத் தப்புப் பைக்கு உள்ளே ஒட்டியதற்குப் பதிலாக வெளியே ஒட்டியிருக்கலாமே? உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஊரில் இத்தனை பேரை வழியனுப்பிய உங்களுக்கு யாரும் தப்படிக்கவில்லை அப்பா. உங்களுக்கு அது தெரியாது, நான்தான் சொல்ல வேண்டும். மணி மாமாவும் மற்றவர்களும் வேனில் வந்து இறங்கினார்கள். அம்மா வாசலுக்கே போய், "வேணாம் அண்ணே, வேன்லயே வச்சிருங்க. பொம்பளப் புள்ளைங்க இருக்கு," என்றார். மாமா தப்பை வேனிலேயே வைத்துவிட்டு வந்தார். ஆனால் உங்களைத் தூக்கியபோது பார்த்தேன். அவர் விரல்கள் தொடையில் அடித்துக்கொண்டே இருந்தன. சத்தமே இல்லை.

போன வாரம் தப்பையும் அவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார் அம்மா. மாமா வாசலில் உட்கார்ந்து வாரை மட்டும் கழற்றினார். "இது உங்கப்பன் வேர்வ. இத நீ வச்சுக்க," என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சற்று முன்னால் அக்கா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். நாளைக்கு நான் ஏதாவது உளறிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம்.

"ப்ளீஸ் லா. எழுதிக் குடுத்தத மட்டும் பேசிட்டு எறங்கிடு."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமாக்கா, அப்பாவப் பத்தி?"

"தெரியும். நான் மொதல்லயே போன்ல சொல்லிட்டேன். அவரு ரொம்ப நல்லவரு."

"அப்பறம் என்ன?"

அவள் என் போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "அவருதான் அவங்கப்பாகிட்ட சொல்ல வேணாம்னாரு."

நல்லவர் என்றால் யார் அப்பா? இத்தனை நல்லவர்கள் சேர்ந்து உங்களை மறைக்கிறார்கள். அக்கா அழுதாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் கல்யாணம் என்னால் நின்றால் காலம் பூராவும் அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா என்னோடு பேசவே மாட்டார்.

பேசி முடித்ததும் நடுவர் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார். இவரை உனக்கு எப்படித் தெரியும்? பாடநூலில் படித்தேன் என்று சொல்ல டீச்சர் பழக்கியிருக்கிறார். எனக்கு அவரைப் பாடநூலிலா தெரியும்?

உங்களைப் போல உள்ளே ஒட்டி வைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. நாளை அந்தக் கோட்டுக்கு மேலே, இடது தோளில், உங்கள் வாரைப் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவேன். முன்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா இருப்பார். அக்கா இருப்பாள். அம்மாவுக்கு அது என்னவென்று ஒரே பார்வையில் தெரியும். யாராவது கேட்பார்கள். வாய் திறக்குமா, குரல் வருமா, என்ன சொல்வேன் என்று இப்போது எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். பை வார் என்று சொல்ல மாட்டேன்.

தப்புக்காரர் மாரிமுத்துவின் இளைய மகள்,
ரேணுகா